கண்ணாடிக்கு ஒரு ஃப்ரூட்டி

2022 ஆகஸ்டில் பிருந்தாவனத்துக்கு ஆய்வுக்குப் போன மதுரா மாவட்ட ஆட்சியரின் மூக்குக் கண்ணாடியை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு மேலே ஏறிவிட்டது. சுற்றிலும் காவலர்கள், அதிகாரிகள். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கெஞ்சிய பிறகுதான் கண்ணாடி திரும்ப வந்தது. காணொளியைப் பார்த்து நாடே சிரித்தது. பிருந்தாவனத்துக்காரர்கள் சிரித்திருப்பார்களா என்பது சந்தேகம். அவர்களுக்கு இது அன்றாடம். அந்த ஊர்ச் சந்துகளில் கண்ணாடி பறிபோனால் என்ன செய்ய வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பக்கத்துக் கடையில் ஒரு ஃப்ரூட்டி வாங்கி மேலே வீச வேண்டும். குரங்கு அதைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியை விட்டுவிடும். கடைக்காரருக்கு வியாபாரம் ஆனது, குரங்குக்குத் தாகம் தீர்ந்தது, பக்தருக்குப் பார்வை திரும்பியது.

சுற்றுலாத் தலங்களில் விலங்குகள் செய்யும் தொல்லையைப் பற்றி வரும் செய்திகளில் விலங்குதான் குற்றவாளி, பயணி பாவப்பட்டவர். கடைக்காரர் படத்திலேயே இல்லை. ஆனால் பாலித் தீவு முதல் பந்திப்பூர் வரை ஆய்வாளர்கள் எழுதி வைத்திருப்பதைச் சேர்த்துப் படித்தால், மூவரும் பங்காளிகளாக உள்ள ஒரு தொழில் கண்ணில் படுகிறது. அந்தத் தொழிலில் நட்டக் கணக்கு முழுவதும் ஒரே பங்காளியின் தலையில் விழுகிறது. அது பயணி அல்ல.

இந்தத் தொழிலை மிக நுணுக்கமாக ஆராய்ந்த இடம் பாலியின் தென்கோடியில் கடலோரச் செங்குத்துப் பாறைமேல் நிற்கும் உலுவாட்டு கோயில். அங்குள்ள நீள்வால் குரங்குகள் பயணிகளின் தொப்பி, செருப்பு, கண்ணாடி, கைப்பேசி ஆகியவற்றைப் பறிக்கும். கோயில் ஊழியர் பழமோ தின்பண்டமோ நீட்டினால் பொருளைக் கீழே போடும். 2010 இல் இவற்றைக் கவனித்த ஃபேனி ப்ரோட்கோர்ன் குழுவினர், கோயிலைச் சுற்றியிருந்த குரங்குக் கூட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் திருடவில்லை என்று கண்டார்கள். பயணிகளிடையே அதிக நேரம் கழிக்கும் கூட்டங்களிலும், இளங்கடுவன்கள் மிகுந்த கூட்டங்களிலும் கைவரிசை அதிகம். பிறகு புதிதாக அந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்த ஒரு கூட்டமும் சில ஆண்டுகளில் இந்த வித்தையைப் பழகிக்கொண்டது. பிறவிக் குணம் என்றால் பழக வேண்டியதில்லை. பார்த்துப் பார்த்துத்தான் கற்றிருக்கிறது.

அடுத்து வந்த ஆய்வு இன்னும் சுவையானது. ஜான்-பாப்டிஸ்ட் லெக்கா தலைமையிலான குழு 273 நாள்கள் அங்கே படம் பிடித்து, 2021 இல் முடிவுகளை வெளியிட்டது. குட்டிகளுக்கும் விடலைகளுக்கும் எதைப் பறித்தாலும் ஒன்றுதான். வளர்ந்த குரங்குகள் அப்படியில்லை. மனிதர்கள் எதற்குப் பதறுவார்கள் என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. சாவிக்கொத்தைவிடக் கைப்பேசியையும் கண்ணாடியையும் தேடிப் பறிக்கின்றன. அவற்றுக்கு ஈடாக அற்பமான தீனியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. தனக்குப் பிடித்த தின்பண்டம் வரும்வரை பொருளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒருமுறை பொருள் திரும்பக் கிடைக்க 25 நிமிடம் ஆனது. அதில் 17 நிமிடம் பேரம் மட்டுமே. பொருளுக்கு மதிப்பு வைக்கவும், மதிப்புக்கு ஏற்ப விலை கேட்கவும் தெரிந்த இந்தக் குரங்குகளை ஆய்வாளர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். உலகில் வேறெங்கும் காணாத பழக்கம் என்றும் இது பேசப்பட்டது. பிருந்தாவனத்துக் கடைக்காரர் எவரும் அந்தக் கட்டுரைகளைப் படித்திருக்க மாட்டார்.

உலுவாட்டுவில் எனக்கு முக்கியமாகப் படுவது குரங்கின் அறிவு அல்ல. பழத்தை நீட்டும் கோயில் ஊழியர். ஒவ்வொரு முறையும் அவர் பயணிக்கு நல்லதுதான் செய்கிறார். பொருள் உடையாமல் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் திருட்டுக்குக் கூலி கொடுப்பவரும் அவரே. அவர் ஒரு நாள் நிறுத்தினால் அன்றைக்கு நாலு கைப்பேசிகள் பாறையிலிருந்து கடலுக்குப் போகும். பயணிகள் கூச்சல் போடுவார்கள். நிர்வாகம் அவரைக் கேட்கும். ஆகவே அவர் நிறுத்த மாட்டார். குரங்குக்கு அது தெரியும்.

நம் பக்கத்துக் குரங்கு இந்த அளவுக்குப் போகவில்லை. தென்னிந்தியாவின் நாட்டுக்குரங்கு, தலைமயிர் நடுவகிடெடுத்துத் தொப்பிபோல் படிந்திருக்கும் அந்த இனம், பறிப்பதைவிடக் கேட்பதில் தேர்ந்தது. முதுமலைக்கு அந்தப் பக்கம் உள்ள பந்திப்பூரில் அத்வைத் தேஷ்பாண்டே, ஸ்ரீஜாதா குப்தா, அனிந்திய சின்ஹா மூவரும் செய்து 2018 இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது. கையில் தின்பண்டம் வைத்திருப்பவரின் எதிரே வந்து நின்று, கையை நீட்டி, மெல்லிய கூவல் ஒன்றைக் குரங்கு எழுப்புகிறது. அவர் முகம் தன் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறது. கொடுக்கும்வரை மறுபடி மறுபடி கேட்கிறது, கிடைத்ததும் நிறுத்திவிடுகிறது. காட்டில் வாழும் ஒரு விலங்கு, வேறொரு இனத்திடம், இன்னதைக் கொடு என்று வேண்டுமென்றே குறிப்புணர்த்துகிறது என்பதுதான் கண்டுபிடிப்பு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி மெதுவாகும் இடமாகப் பார்த்துக் கைப்பிடிச் சுவரில் வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும் குரங்குகளைக் கண்டவர்களுக்கு இது புதுச்செய்தி அல்ல என்றாலும், அந்த நீட்டிய கை ஏதோ தற்செயல் அல்ல என்று உறுதிப்படுவது நல்லது.

அவை ஏன் சாலையோரம் வந்தன? பாதிப் பதில் சாலையிலேயே இருக்கிறது. நாட்டுக்குரங்கு எப்போதுமே அடர்காட்டுக்கு உள்ளேயே கிடக்கும் விலங்கல்ல. ஊருக்கும் காட்டுக்கும் நடுவே, சாலையோரத்து ஆலமரத்திலும் அத்தியிலும் புளியிலும் குடியிருந்தது. மைசூர்ப் பக்கம் பல பத்தாண்டுகள் இவற்றைக் கணக்கெடுத்த மேவா சிங் உள்ளிட்டோர், சாலை அகலப்படுத்த இந்த நிழல்மரங்கள் வெட்டப்பட்டதும் குரங்குகளும் குறைந்துவிட்டதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கு பார்த்தாலும் இருப்பதாக நாம் நினைக்கும் இந்த விலங்கு, உலக இயற்கைப் பாதுகாப்புக் கூட்டமைப்பின் செம்பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக இன்று இருக்கிறது. எங்கும் இருப்பதாகத் தோன்றக் காரணம், இருப்பவை எல்லாம் நாம் போகும் இடத்தில் கூடியிருப்பதுதான்.

பறிக்கும் குரங்கைவிடக் கடிக்கும் குரங்குதான் ஆபத்து. கடிக்கு முன்னால் குரங்கு எச்சரிக்காமல் இருப்பதில்லை. நமக்குத்தான் அது புரிவதில்லை. பார்பரிக் குரங்குகளின் முகக்குறிப்பை மனிதர்கள் எவ்வளவு புரிந்துகொள்கிறார்கள் என்று லேட்டிஷியா மாரெஷால் குழுவினர் சோதித்து 2017 இல் வெளியிட்டார்கள். குரங்கு முகங்களின் படங்களைக் காட்டி, இது என்ன சொல்கிறது என்று கேட்டார்கள். குரங்குகளோடு பழக்கமில்லாதவர்கள் மிரட்டும் முகத்தைச் சாதாரண முகம் என்றும் நட்பு முகம் என்றும் சொன்னார்கள். தெரிந்தவர்களும் சில இடங்களில் சறுக்கினார்கள். எதிர்ப்பக்கமும் இதே கதைதான்: நாம் பல்லைக் காட்டிச் சிரிப்பதும், நேருக்கு நேர் கண்ணைப் பார்ப்பதும் குரங்குக்கு வேறு பொருள். கைப்பேசியை நீட்டிப் பிடித்துப் பல் தெரியச் சிரித்தபடி தோளோடு தோள் ஒட்டித் தன்படம் எடுப்பவர், அதன் கணக்கில் வம்புக்கு இழுக்கிறார். குரங்குக்கடி என்றால் சிராய்ப்புதானே என்று மஞ்சளை அப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இன்னும் உண்டு. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போக வேண்டும். வெறிநோய் நாய்க்கு மட்டும் உரியதல்ல.

இனி விலங்கின் கணக்கு. அதே மாரெஷால், மொராக்கோவின் இஃப்ரான் பகுதியில் பயணிகள் தீனி போடும் கூட்டத்தையும் போடாத கூட்டத்தையும் ஒப்பிட்டார். தீனி தின்றவை உருவத்தில் பெருத்திருந்தன. ஆனால் மயிர் உதிர்ந்து தோல் தெரிந்தது. சீனாவின் ஹுவாங்ஷான் மலையில் பயணிகள் வசதியாகப் பார்ப்பதற்காகத் திபெத்தியக் குரங்குகளை ஓரிடத்துக்கு ஓட்டி வந்து தீனி போட்டு நிறுத்தினார்கள். கரோல் பெர்மன் குழுவினர் பல ஆண்டுப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோது, அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு குட்டிகள் அதிகமாக இறந்தது தெரிந்தது. தீனி விழும் திடலில் பெரியவை ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும்போது நடுவில் அகப்பட்டவை குட்டிகள். பார்வையாளர் மேடையிலிருந்து பார்த்தவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கும்.

ஜப்பானின் நாராவில் மான்கள். நகரத்துப் பூங்காவிலும் கோயில் வளாகத்திலும் ஆயிரத்துக்கு மேல் திரியும் அந்த மான்கள் தலையைக் குனிந்து வணக்கம் போட்டு ரொட்டி கேட்கும். கொடுக்கத் தாமதித்தால் முட்டும், சட்டையைக் கடித்து இழுக்கும். அந்த ஊர் தீனியைத் தடுக்கவில்லை, முறைப்படுத்தியது. அரிசித் தவிடும் மாவும் சேர்த்துச் சர்க்கரை இல்லாமல் சுட்ட தனி ரொட்டி விற்கிறார்கள். வரும் பணத்தில் ஒரு பங்கு மான் பாதுகாப்புக்குப் போகிறது. நான் அறிந்தவரை கடைக்காரரைக் கணக்கில் எடுத்துக்கொண்ட ஏற்பாடு இது ஒன்றுதான். ஆனாலும் 2019 இல் அங்கே இறந்த ஒரு மானின் வயிற்றில் 4 கிலோவுக்கு மேல் பிளாஸ்டிக் இருந்தது. ரொட்டி பழகிய மானுக்கு, தின்பண்டம் மணக்கும் எந்தப் பையும் ரொட்டிதான்.

நியூசிலாந்தின் மலைக்கிளி கியா, கார்க் கண்ணாடி விளிம்பின் ரப்பரைக் கொத்தி உரிப்பதில் பேர்பெற்றது. 2009 இல் ஒரு பயணியின் கடவுச்சீட்டையே பேருந்துச் சாமான் அறையிலிருந்து தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. கடற்கரைகளில் உருளைக்கிழங்கு வறுவலைப் பறிக்கும் பிரித்தானியக் கடற்காக்கைகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாலே அவை தயங்கும் என்று 2019 இல் ஓர் ஆய்வு காட்டியது: பார்க்கும்போது நெருங்கிவர சராசரியாக 21 விநாடி கூடுதலாக எடுத்தன. சுண்டல் கையோடு மெரினாவில் உட்காருகிறவர்கள் நம் காக்கையிடம் இதைச் சோதித்துப் பார்க்கலாம். எனக்கு நம்பிக்கை இல்லை.

யானை விஷயத்துக்கு வந்தால் சிரிப்பு நின்றுவிடும். இலங்கையின் உடவளவை தேசியப் பூங்காவின் மின்வேலியை ஒட்டி ஒரு நெடுஞ்சாலை போகிறது. வேலிக்கு இந்தப் பக்கம் பழக்கடைகள். அந்தப் பக்கம் துதிக்கையை நீட்டியபடி யானைகள். ராம்போ என்று பேர் வைத்த ஆண் யானை ஒன்று இப்படிக் கேட்டுக் கேட்டே ஊரறிந்த நட்சத்திரம் ஆனது. கதிர்காமத்துக்குப் போகும் புத்தளைச் சாலையிலும் யானைகள் வாகனங்களை மறித்துப் பழம் வாங்குவது யாத்திரிகர்களுக்குப் பழகிப்போனது. ஷெர்மின் டி சில்வாவும், மசினகுடியில் வாழும் சூழலியலாளர் பிரியா டேவிதாரும் உடவளவையையும் நம் நீலகிரியின் சீகூர் பகுதியையும் சேர்த்து ஆராய்ந்து 2025 இல் கட்டுரை வெளியிட்டார்கள். உடவளவையில் 66 ஆண் யானைகள் இப்படிக் கையேந்தி நின்றிருக்கின்றன. அந்த வட்டாரத்து ஆண் யானைகளில் இது ஏறக்குறைய பத்தில் ஒன்று. பழகியவை வேலியை உடைத்து வெளியே வரத் துணிந்தன. மனிதர் இறந்தனர், யானைகளும் இறந்தன. சீகூரில் விடுதிக்காரர்களும் பயணிகளும் தீனி காட்டிப் பழக்கிய யானைகள் 11. அவற்றில் 4 மனிதர் காரணமாகச் செத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

மசினகுடியை அறிந்தவர்களுக்கு இந்த எண் வெறும் எண் அல்ல. 2021 ஜனவரியில் விடுதி ஒன்றின் அருகே வந்த யானையின் தலைமேல் தீப்பற்றிய டயரை எறிந்தார்கள். அந்த யானை இறந்தது. அதே ஆண்டு, வாழைத்தோட்டம் பகுதியில் ஆண்டுக்கணக்காக வீட்டு வாசல்களுக்கு வந்து பழகிய ரிவால்டோ என்ற யானையை வனத்துறை கிரால் எனும் மரக்கூண்டில் அடைத்து, பிறகு முதுமலையின் உட்காட்டில் கொண்டுபோய் விட்டது. விட்ட கொஞ்ச நாளிலேயே அது பழைய இடத்துக்கு நடந்து வந்துவிட்டது. ஆனால் இந்த முறை யாரும் தீனி கொடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள். அது மேய்ச்சலுக்குத் திரும்பியது. இடத்தை மாற்றியதால் அல்ல, கொடுப்பதை நிறுத்தியதால்.

மூணாறில் ரஜினி படத்தின் பேரைச் சுமந்து திரியும் படையப்பா சாலையோரக் கடைகளில் பழத்தையும் சோளத்தையும் அள்ளுவது செய்தியாகாத மாதம் குறைவு. அதை வழிமறித்துப் படம் எடுப்பதற்கென்றே ஜீப்புகள் விரையும். சத்தியமங்கலம் காட்டு வழியில் ஆசனூர் அருகே காரப்பள்ளம் சோதனைச் சாவடி இன்னொரு பாடம். கரும்பு லாரிகளின் மேல்பாரத்தைக் குறைக்க அங்கே உயரத்தடுப்பு வைத்தார்கள். தடுப்பைத் தாண்ட ஓட்டுநர்கள் கூடுதல் கரும்பை உருவிச் சாலையோரம் போட, யானைகள் அங்கேயே வந்து நிற்கத் தொடங்கின. யாரும் யானையைக் கெடுக்க நினைக்கவில்லை. நல்லெண்ணத்தோடு வைத்த ஓர் இரும்புக் கம்பி அந்த இடத்தைப் பந்தியாக்கிவிட்டது.

ஆக, என்னதான் செய்வது? உலகம் முழுவதும் முதலில் தோன்றும் யோசனை விலங்கைப் பிடிப்பது. கேப் டவுன் அருகே கார்க் கதவுகளைத் தானே திறந்து உள்ளே புகுந்து சூறையாடிய ஃபிரெட் என்ற பபூன் குரங்கு 2011 இல் ஊசி போட்டுக் கொல்லப்பட்டது. அந்தத் தீபகற்பத்தில் பபூன்களை விரட்ட இன்றும் ஆள் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். இமாசலப் பிரதேசம் 2006-07 இலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகளுக்குக் கருத்தடை செய்தது. 2016 இல் சிம்லா நகரில் ரீசஸ் குரங்குகளைக் கொல்லவும் அனுமதி வந்தது. சிம்லாவின் ஜாக்கூ குன்றின் அனுமார் கோயிலுக்குப் போகிறவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளும் வழக்கம் மாறவில்லை. கருத்தடை செய்த குரங்குக்கும் பசிக்கும் அல்லவா?

தாய்லாந்தின் லொப்புரிக் கதை இன்னும் நீளம். 1989 இலிருந்து அந்த ஊர் தன் பழைய கோயிலின் முன்னால் குரங்குகளுக்கு ஆண்டுதோறும் பழமும் பலகாரமுமாக விருந்து வைத்து உலகத்தையே கூப்பிட்டுக் காட்டியது. கொரோனாவால் பயணிகள் நின்றுபோன 2020 மார்ச்சில், ஒரு வாய்த் தீனிக்கு நூற்றுக்கணக்கான குரங்குகள் நடுத்தெருவில் கூட்டமாக மோதிக்கொண்ட காட்சியை எல்லோரும் பார்த்தோம். பிறகு ஊர்க்காரர்களே குரங்குக்குப் பயந்து கடைகளுக்குக் கம்பிவலை போட்டார்கள். 2024 இல் கூண்டு வைத்துப் பிடிக்கும் இயக்கம் தொடங்கியது. அந்த நவம்பரில் அடைப்பிலிருந்து ஏறத்தாழ 200 குரங்குகள் தப்பித்து நேரே காவல் நிலையத்துக்குள் புகுந்தன. போலீசார் கதவு சன்னல்களைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். முப்பது ஆண்டுகள் இலைபோட்டு அழைத்துவிட்டு விருந்தாளியின் கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் இப்படித்தான் ஆகும்.

மறுவழி உண்டா என்பதற்கு அமெரிக்கக் கரடிகள்தான் நல்ல சாட்சி. ஒரே நாட்டில், ஒரே துறையின் கீழ், தோல்வியும் வெற்றியும் இரண்டும் நடந்திருக்கின்றன. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஒரு காலத்தில் விடுதிக் குப்பைமேட்டில் கரடி தின்பதைப் பயணிகள் உட்கார்ந்து பார்க்க மரப்படிகள்கூட அமைத்திருந்தார்கள். சாலைகளில் கரடிகள் கார்ச் சன்னல்களில் முன்னங்காலைப் போட்டு நின்றன. 1931 முதல் 1969 வரை ஆண்டுக்குச் சராசரி 48 பேரைக் கரடிகள் காயப்படுத்தின. 1970ஐ ஒட்டிக் குப்பைமேடுகளைத் திடீரென மூடினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள் என்று கரடி ஆய்வாளர்களான கிரெய்க்ஹெட் சகோதரர்கள் மன்றாடியும் நிர்வாகம் கேட்கவில்லை. பசியோடு முகாம்களுக்கு வந்த பழுப்புக் கரடிகள் ஏராளமாகக் கொல்லப்பட்டன. 1975 இல் அந்த இனத்தைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டிவந்தது. பயணிகளுக்கு ஏற்படும் காயம் இன்று ஆண்டுக்கு ஒன்று என்ற அளவில்தான். பலன் கிடைத்தது உண்மை. அதற்குக் கரடிகள் கொடுத்த விலையும் உண்மை.

யோசெமிட்டி தேசியப் பூங்காவில் வேறு பாதை. 1998 இல் அங்கே கரடித் தொல்லை ஏறத்தாழ 1,600 முறை பதிவானது. பெரும்பாலும் கார் உடைப்பு. கரடிகள் எந்தக் காரை உடைக்கின்றன என்றுகூட ஓர் ஆய்வு நடந்தது. மினிவேன்கள்தான் அவற்றின் விருப்பம்: பிள்ளைகுட்டிகளோடு வரும் குடும்பங்களின் வண்டி, இருக்கை இடுக்கெல்லாம் தின்பண்டத் துணுக்கு, பக்கவாட்டுச் சன்னலும் எளிதில் பெயரும். 1999 இலிருந்து அரசு தனியாகப் பணம் ஒதுக்கி, ஒவ்வொரு முகாமிலும் வாகன நிறுத்தத்திலும் கரடியால் திறக்க முடியாத இரும்புப் பெட்டிகளை வைத்தது. உணவை வண்டியில் விட்டுவிட்டுப் போனால் அபராதம். இரவில் காவலர்கள் டார்ச் அடித்து ஒவ்வொரு காராகப் பார்த்தார்கள். தொல்லை 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. கரடிகளின் மயிரையும் எலும்பையும் வேதியியல் முறையில் ஆராய்ந்து 2014 இல் வெளியான ஆய்வு, அவற்றின் தீனியில் மனித உணவின் பங்கு கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக்கு முன் இருந்த அளவுக்குத் திரும்பிவிட்டதாகச் சொன்னது. இதில் கரடியை யாரும் திருத்தவில்லை. பெட்டிக்குப் பூட்டு போட்டார்கள், மனிதனுக்கு அபராதம் போட்டார்கள். அவ்வளவுதான்.

இது இங்கே எடுபடுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. அமெரிக்கர் கரடிக்குத் தீனி போட்டது வேடிக்கைக்கு. நாம் போடுவதில் பாதி வேண்டுதல். அழகர்கோயிலிலோ குற்றாலத்திலோ சனிக்கிழமை வாழைச்சீப்போடு நிற்கும் அம்மாளிடம், வயிற்றுக்குக் கொடுப்பது பாவம் என்று பலகை எழுதி வைத்துப் புரியவைக்க முடியாது. அவரிடம் அபராதச் சீட்டைக் கிழிக்கும் காவலருக்கும் கை நடுங்கும். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். குரங்கைச் சுட்டுத் தள்ளாமல் இத்தனை காலம் நாம் கூட வாழ்ந்ததற்கு அந்த வாழைச்சீப்பும் ஒரு காரணம். ஆனால் சாலை வளைவில் காரை நிறுத்தாமலே குர்குரே பாக்கெட்டைப் பிரித்து வீசுகிறவருக்கு எந்த அனுமாரும் கணக்கில் இல்லை. இந்த இரண்டையும் ஒரே பலகையில், ஒரே வாசகத்தில் கண்டிப்பதால்தான் இரண்டும் நிற்பதில்லை. முதல் வகைக்குக் கோயில் நிர்வாகமே ஓரிடமும் நேரமும் உணவும் ஒதுக்கலாம். இரண்டாம் வகைக்கு அபராதம்தான்.

நம் கடைக்காரரிடம் பேசத்தான் இன்னும் எவரும் தொடங்கவில்லை. மலைச்சாலையில் சோளக்கதிரும் மாங்காய்த் துண்டும் விற்பவருக்கு நாள் வருமானத்தில் ஒரு பகுதி குரங்கால் வருகிறது: குரங்குக்கென்று வாங்குபவர், குரங்கு பறித்ததால் இன்னொன்று வாங்குபவர். அவர் கடையை அப்புறப்படுத்தினால் நாலு வளைவு தள்ளி மறுபடி முளைக்கும். அவருக்கு மூடி போட்ட அலமாரியும், வாடிக்கையாளர் நின்று தின்பதற்குக் கம்பிவலை அடித்த ஒரு நிழற்குடையும் கொடுத்தால் செலவு அதிகமில்லை. கட்டிக் கொடுக்க வேண்டியது ஊராட்சியா, நெடுஞ்சாலைத் துறையா, வனத்துறையா என்ற சண்டைதான் பெரிது.

குப்பைத்தொட்டியும் அப்படித்தான். நீலகிரி ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை மாநிலத்துக்கு முன்பே தடுத்த மாவட்டம். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அது எத்தனை வண்டி வருகிறது என்று எண்ணும். வண்டியிலிருந்து என்ன விழுகிறது என்று எண்ணாது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடி விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்காகக் கோயில் கதவையும், பலகாரத்துக்காக பேக்கரி ஷட்டரையும் உடைத்தது என்று அடிக்கடி படிக்கிறோம். வால்பாறையின் புதுத்தோட்டத்தில், உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் சோலைமந்திகள், அதாவது சிங்கவால் குரங்குகள், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக் கூரையேறிச் சமையலறைக்குள் இறங்குகின்றன. சாலையில் வண்டியில் அடிபடுகின்றன. அவை மரத்துக்கு மரம் சாலையைக் கடக்க இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினர் மேலே கட்டிய கயிற்றுப் பாலங்களை நன்றாகவே பயன்படுத்துகின்றன. ஆனால் கீழே சாலையில் தின்பண்டம் விழாத இடமாகப் பார்த்துக் கட்டியிருந்தால்தான் அந்தப் பாலத்துக்கு வேலை. குப்பைத்தொட்டிக்குத் திரும்புவோம். யோசெமிட்டிப் பெட்டியின் கொக்கி கரடியின் பாதத்துக்கு எட்டாத குழிக்குள் ஒளிந்திருக்கும். குரங்குக்கு நம் விரல்களே உண்டு. ஆகவே அந்தப் பெட்டியை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. நாட்டுக்குரங்கின் விரலுக்குச் சிக்காத கொக்கி ஒன்றை நம் ஊர் இரும்புப் பட்டறையில் யாராவது வடிக்க வேண்டும். கோவையில் அதற்கு ஆள் இல்லாமலா போய்விடுவார்கள்? அப்படியொன்றுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரி எந்த நகராட்சியும் விளம்பரம் கொடுத்து நான் பார்த்ததில்லை.